10×14 ஷெட்டில் மரத்தூசி இழுக்க: 110 மிமீ குழாய் போதுமா, 160 வேணுமா?

குழித்துறைக்காரன்

வீட்டுக்குப் பின்னால 10×14 அடி ஷெட், தகரக் கூரை, உயரம் 9 அடி. தேனீப்பெட்டி, ஸ்டூல், சின்ன மேசை, இதுதான் வேலை. தடி (மரம்) அயினி, பிலா, றப்பர். எப்பவாவது பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளைப் பிசின்ல அழுத்தின பலகை).

மெஷின்கள்: 10 இஞ்ச் டேபிள் சா (மேசை ரம்பம், ஸ்டாண்டு வெச்சது, அடிப்பக்கம் திறந்தது, பின்னால 63 மிமீ வாய்), 13 இஞ்ச் பிளானர் (இழைக்கிறது), ரௌட்டர் டேபிள் (விளிம்பும் பள்ளமும் எடுக்கிறது), மைட்டர் சா (குறுக்கே அறுக்கிறது), 5 இஞ்ச் சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கிறது). தூசிக்கு இப்போ இருக்கிறது 1400 வாட் வாக்குவம் ஒண்ணுதான். பிளானர்ல நாலஞ்சு பலகை விட்டா அது நிறைஞ்சிடுது. பெட்டி விளிம்புல ரிபேட் (படி மாதிரி பள்ளம்) வெட்டும்போது தூள் முழுக்க மேல முகத்துக்கு வருது. மழைக்காலத்துல ஃபில்டர்ல தூள் மாவு மாதிரி அப்பிக்குது.

2 எச்பி டஸ்ட் கலெக்டர் வாங்கி, கூரையை ஒட்டி பிவிசி குழாய் ஓட்டி எல்லா மெஷினுக்கும் இறக்கலாம்னு யோசனை. 110 குழாயா, 160 குழாயா? ஃபில்டர் செலவைத் தவிர்க்க வெளியே ஊதி விடலாமா? கிழக்கே 6 அடியில அடுத்த வீட்டுத் துணிக்கொடி. மேற்கே றப்பர் தோட்டம்.

இழைப்புளி

எச்பியை விடுங்க. பார்க்க வேண்டியது ரெண்டு: நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து வருது, அது குழாய்ல என்ன வேகத்துல ஓடுது. தூளும் சுருளும் வழியில படியாம போகணும்னா நொடிக்கு 20 மீட்டர் வேகம் வேணும். 4 இஞ்ச் ஹோஸ்ல அந்த வேகத்துக்கு சுமார் 350 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து). 160 மிமீ குழாயோட உள்விட்டம் ஏறக்குறைய 153, அதுக்கு 780 சிஎஃப்எம் வேணும்.

160 போட்டு, மெஷின் 500 மட்டும் இழுத்தா வேகம் 13 மீட்டருக்கு இறங்கிடும். படுத்துக் கிடக்கிற குழாய்ல தூள் ஆத்து மணல் மாதிரி திட்டு திட்டா நிக்கும். 110 போட்டா வேகம் இருக்கும், ஆனா 350-400க்கு மேல காத்து வராது. டேபிள் சாவுக்கு அடியிலயும் மேலயும் சேர்த்துப் பிடிக்க அது பத்தாது.

பெட்டி மேல அச்சடிச்சிருக்கிற சிஎஃப்எம் பெரும்பாலும் குழாயும் ஃபில்டரும் மாட்டாம எடுத்தது. நம்ம ஷெட்டுல அதுல பாதியைக் கணக்கு வெச்சுக்கிட்டா ஏமாற மாட்டோம்.

குழாய் ஓட்டுறதா முடிவு பண்ணினா எஸ்டபிள்யூஆர் குழாய் (கழிவுநீர், மழைநீர் இறக்குற பிவிசி) போதும், அழுத்தக் குழாய்க்கு அதிகக் காசு கொடுக்க வேண்டாம். நேர் எல்போவும் டீயும் கூடவே கூடாது. 45 டிகிரி பெண்டு ரெண்டு, நடுவுல அரை அடி நேர்குழாய். பிரிவுக்கு ஒய், அதோட வாய் காத்து ஓடுற திசைக்குச் சாய்ஞ்சு இருக்கணும். திருப்பி மாட்டிட்டு இழுக்கலைன்னு புலம்புறவங்க நிறைய. ஜாயிண்டுக்கு சால்வென்ட் வேண்டாம். ரப்பர் வளையமோ, ஒரு திருகும் மேல ஒரு சுத்து டேப்போ போதும். ஒருநாள் அடைச்சா கழட்டணும்.

பாறசாலைத் தச்சு

தம்பி, 10×14க்கு குழாயே வேண்டாம். ஷெட்டோட ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே 17 அடிதான். கூரைக்கு ஏறி, ஓடி, இறங்கினா 25 அடியும் நாலு வளைவும் ஆகும். ஒவ்வொரு வளைவும் சுமார் 6 அடி நேர்குழாய்க்குச் சமம். வாங்கின காத்துல பாதியைக் குழாய்க்கே தின்னக் கொடுக்கிற வேலை.

கலெக்டருக்குச் சக்கரம் போடு. 4 இஞ்ச் ஹோஸ் ரெண்டு, ஒவ்வொண்ணும் 2 மீட்டர், அதுக்கு மேல ஒரு சாணும் வேண்டாம், சுருள் ஹோஸ் அதே நீளக் குழாயைவிட ரெண்டு மூணு மடங்கு இழுவையைத் தின்னும். டேபிள் சாவுக்கு ஒரு ஹோஸ் அடியில, ஒண்ணு மேல. பிளானருக்கு ஒண்ணு, மத்ததை மூடு. நீ ஒருத்தன், ஒரு நேரத்துக்கு ஒரு மெஷின். கழட்டி மாட்ட பத்து நொடி.

குழாய்க்கு வெச்ச காசை செப்பரேட்டருக்கும் (ஃபில்டருக்கு முன்னாலயே தூளை டிரம்ல விழ வைக்கிறது) ஃபில்டருக்கும் போடு. கலெக்டரோட வர்ற துணிப்பை பல நேரம் 30 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மிமீயில ஆயிரத்துல ஒரு பங்கு) மேல உள்ளதைத்தான் பிடிக்கும். நுரையீரல்ல ஆழமா இறங்குறது 10 மைக்ரானுக்குக் கீழ உள்ளது. அது பையோட கண் வழியா வந்து கூரை உயரத்துல மிதக்கும். பெரிய தூளைப் பிடிச்சுட்டு நைசான தூளை ஷெட் முழுக்கத் தெளிக்கிற பம்பு அது! 1 மைக்ரான் பிடிக்கிற மடிப்பு கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வாங்கு, காகிதம் வேண்டாம், பாலியஸ்டர். நம்ம ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது.

வெளியே ஊதுறதைப் பத்தி: மேற்கே விட்டா ஆனி ஆடிக் காத்து அதை அப்படியே திருப்பி, கூரை மேல ஏத்தி, கிழக்குக் கொடியில போடும். மழைக்காலத்துல யார் துணி காயப்போடுவான்னு கேட்காத. வெயில் தலைகாட்டுற அரைமணி நேரத்துலதான் எல்லாரும் போடுவாங்க. ஐப்பசிக்குப் பிறகு காத்து கிழக்கேயிருந்து வரும்போது மேற்கே ஊதலாம். ஆனா றப்பர் தோட்டம்னா காலையில சிரட்டையில பால் வடிஞ்சுக்கிட்டிருக்கும், அதுல தூள் விழுந்தா ஷீட் கெடும். பால் எடுத்து முடிச்ச பிறகு, மதியத்துக்கு மேல ஓட்டு.

இழைப்புளி

பாறசாலை அண்ணன் சொல்றது இந்த அளவு ஷெட்டுக்குச் சரி. குழாய் வேண்டாம்னே நானும் சொல்லிடறேன். ரெண்டு 4 இஞ்ச் ஹோஸும் திறந்திருந்தா 2 எச்பி மொத்தமா 600-700 இழுக்க வாய்ப்பு இருக்கு.

ஆனா எவ்வளவு இழுத்தாலும் டேபிள் சாவோட அடி திறந்திருந்தா பிரயோஜனம் இல்ல. 6 மிமீ பிளைவுட்ல அடியைப் பெட்டியா அடைச்சு, சரிவான தளம் கொடுத்து, 100 மிமீ வாய் போடுங்க. பின்னால இருக்கிற 63 மிமீ வாய் 350 சிஎஃப்எம்மைக் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கும். அடைக்கும்போது மோட்டாரோட காத்துத் துளையை மூடிடாதீங்க, சூடாகி வைண்டிங் போயிடும். முழுக்கக் காத்துப்புகாம அடைக்கவும் கூடாது. காத்து உள்ளே வர்ற வழி பிளேடைச் சுத்தி இருந்தாத்தான் தூளை வாரிக்கிட்டுப் போகும்.

ரிபேட் பிரச்சினைக்குக் காரணம் வேற. ஊடுருவி அறுக்கும்போது பல்லு தூளைக் கீழே கொண்டுபோய் விடும். பாதி ஆழம் மட்டும் வெட்டினா கீழே போக வழி இல்ல, பள்ளத்துக்குள்ளயே சுத்தி மேல வந்து முகத்துல அடிக்கும். போதாக்குறைக்கு அந்த வெட்டுக்கு பிளேடை மூடுற மேல் கார்டையும் கழட்டியிருப்பீங்க. அடியில எவ்வளவு இழுத்தாலும் பலன் இல்ல. பெட்டி ரிபேட் எல்லாத்தையும் ரௌட்டர் டேபிளுக்கு மாத்துங்க. ஃபென்ஸுக்குப் பின்னால, பிட்டை ஒட்டி ஒரு பிளைவுட் பெட்டி, அதுல 4 இஞ்ச் வாய். ஒரே தடவையில 10 மிமீ ஆழம் எடுக்காம மூணா எடுங்க.

சாண்டரைக் கலெக்டர்ல மாட்டாதீங்க. அந்த 27-35 மிமீ ஹோஸ் வழியா இழுக்க அழுத்தம் வேணும், அதுல வாக்குவம்தான் ராஜா. பழைய வாக்குவம் சாண்டருக்கும் மைட்டர் சாவுக்கும் இருக்கட்டும். சாண்டர் பேடோட துளையும் தாளோட துளையும் நேரா இருக்கான்னு ஒவ்வொரு தாள் மாத்தும்போதும் பாருங்க. மைட்டர் சா எப்படிப் பண்ணினாலும் முழுக்க அடங்காது, பின்னால ஒரு கூண்டு கட்டி, கிடைக்கிறதைப் பிடிக்க வேண்டியதுதான்.

களியக்காவிளை வயர்மேன்

கரெண்டைப் பத்தி யாரும் பேசல. 2 எச்பி சிங்கிள் பேஸ் ஓடும்போது 9-10 ஆம்பியர், கிளம்பும்போது அதுல அஞ்சாறு மடங்கு. டேபிள் சாவும் அதே அளவு. ரெண்டையும் ஒரே 16 ஆம்பியர் சாக்கெட்ல கொடுத்தா எம்சிபி (கரெண்ட் அதிகமானா தானா விழுற சுவிட்ச்) விழும், விழலைன்னா வயர் சூடாகும். போர்டிலிருந்து ஷெட்டுக்கு ரெண்டு தனி லைன், 4 ஸ்கொயர் மிமீ செம்பு, சி வகை எம்சிபி, மேல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரெண்ட் கசிஞ்சா கட் பண்றது). சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்குற தெருன்னா கலெக்டர் உறுமிக்கிட்டே நிக்கும். ரெண்டு நொடிக்கு மேல உறுமினா ஆஃப் பண்ணிடுங்க, கெப்பாசிட்டர் முதல்ல போகும், அப்புறம் வைண்டிங்.

முதல்ல கலெக்டர், அஞ்சு நொடி கழிச்சு மெஷின். நிறுத்தும்போது முதல்ல மெஷின், பத்து நொடி கழிச்சு கலெக்டர். ரிமோட் சுவிட்ச் ஆசை இருந்தா, மலிவா வர்ற ரிலே போர்டை நேரா மோட்டார்ல மாட்டாதீங்க, காண்டாக்ட் ஒட்டிக்கும். அது கான்டாக்டர் (மோட்டார் கரெண்டைத் தாங்குற பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும் ஓட்டட்டும், மோட்டார் ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் வழியா ஓடட்டும்.

ஹோஸ்ல ஸ்டாட்டிக் ஷாக் அடிக்கும். ஹோஸுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் கம்பியோட ரெண்டு நுனியையும் சீவி, ஒண்ணை மெஷின் உடம்புலயும் இன்னொண்ணை கலெக்டர் உடம்புலயும் திருகினா போதும். வீட்டு ஷெட்டுல அந்தப் பொறியைவிட பயப்பட வேண்டியது பீடிக்கும், விசிறிச் சக்கரத்துல அடிபடுற ஆணிக்கும். பழைய தடியை அறுத்த அன்னைக்கு டிரம்மைக் காலி பண்ணாம பூட்டிட்டுப் போகாதீங்க.

குழித்துறைக்காரன்

நன்றி அண்ணன்மாரே. குழாயைக் கைவிட்டாச்சு. சக்கரம் வெச்ச கலெக்டர், கார்ட்ரிட்ஜ், அதுக்கு முன்னால செப்பரேட்டர். மூணு சந்தேகம். செப்பரேட்டருக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதுமா? கார்ட்ரிட்ஜ் அடைச்சிருக்குன்னு எப்படித் தெரியும்? தூளை மாட்டுத்தொழுவத்துல போடலாமா?

பாறசாலைத் தச்சு

வாளி சாண்டர் வாக்குவத்துக்குப் போதும், பிளானருக்குப் பத்தாது. 300 மிமீ அகலம், 2 மீட்டர் நீளப் பலகையில 1 மிமீ எடுத்தா கட்டித் தடியே 0.6 லிட்டர். சுருளாகும்போது பல மடங்கு உப்பும். 100 லிட்டருக்குக் குறையாத டிரம் வை.

வாக்குவத்துல வாளி வைக்கும்போது இன்னொரு வாளிக்குள்ள சொருகி ரெட்டையா வை. ஹோஸ் அடைச்ச நொடி ஒத்தை வாளி நசுங்கி உள்ளே போயிடும். கலெக்டர் அழுத்தத்துக்கு டிரம் நசுங்காது, அங்கே ஆபத்து மூடியிலதான். செப்பரேட்டரோட அடி உறிஞ்சுற பக்கம். மூடியில முடி அளவு சந்து இருந்தாலும் வெளிக்காத்து உள்ளே பீறிட்டு, விழுந்த தூளைத் தூக்கி ஃபில்டருக்கு அனுப்பிடும். செப்பரேட்டர் வேலை செய்யலைன்னு சொல்றவங்க முதல்ல மூடியைப் பார்க்கணும். கதவுக்கு ஒட்டுற ரப்பர் பீடிங் ரெண்டு சுத்து, நாலு கிளிப். டிரம் முக்கால் நிறைஞ்சதுமே காலி பண்ணு, அதுக்கு மேல போனாலும் இதே கதைதான். கசிவு பார்க்க ஊதுபத்தியை மூடி ஓரமா சுத்திக் காட்டு, புகை உள்ளே இழுபட்டா அங்கே ஓட்டை.

களியக்காவிளை வயர்மேன்

ஊதுபத்தி டிரம்மும் ஃபில்டரும் புதுசா, தூள் படாம இருக்கும்போது மட்டும். அதுக்கப்புறம் முகத்துக்குப் போடுற பவுடரைக் கையில எடுத்துத் தூவிப் பாருங்க. தூள் இருக்கிற டிரம்முக்குள்ள கங்கு போச்சுன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் புகையும்.

இழைப்புளி

கார்ட்ரிட்ஜ் அடைப்புக்கு மீட்டர் வாங்க வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான டியூப் 1 மீட்டர். பலகையில 'யூ' மாதிரி வளைச்சு ஆணியடிச்சு, பாதி தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு நீலம் விடுங்க. ஒரு நுனி திறந்தபடி, இன்னொரு நுனியை விசிறிக்குப் பிறகு ஃபில்டருக்கு முன்னால உள்ள தகரத்துல 6 மிமீ துளை போட்டுச் சொருகுங்க, உள்பக்கம் துருத்தாம. ஃபில்டர் புதுசா இருக்கும்போது ரெண்டு ஹோஸும் திறந்து, ரெண்டு பக்கத் தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தை மிமீயில பலகையிலயே எழுதி வைங்க. அது ரெட்டிப்பான அன்னைக்குச் சுத்தம் பண்ணணும். வெளியிலிருந்து உள்பக்கமா, ரெண்டு மூணு பார் காத்து, ஒரு அடி தள்ளிப் பிடிச்சு. கிட்டே வெச்சு அடிச்சா துணி கிழிஞ்சு 1 மைக்ரான் ஃபில்டர் சல்லடை ஆயிடும். முகமூடி போட்டு, வெட்டவெளியில, கொடியில துணி இல்லாத நேரத்துல. மழைக்காலத்துல ராத்திரி தூளை டிரம்ல விடாதீங்க, ஈரம் குடிச்சுப் பூசணம் பிடிக்கும். சரியா உலராத பச்சைத்தடி அறுத்தா ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அப்பும்.

தொழுவத்துக்கு அயினி, பிலாத் தூள் போடலாம். கடையில வாங்குற றப்பர் தடி பெரும்பாலும் போரான் உப்பு ஏத்தினது, பிளைவுட் எம்டிஎஃப்ல பிசின் இருக்கு. இது மூணும் தொழுவத்துக்கும் வேண்டாம், அடுப்புக்கும் வேண்டாம். எல்லாம் கலந்து ஒரே டிரம்ல விழுறதால, அயினி வேலைக்கு முன்னால டிரம்மைக் காலி பண்ணிட்டுத் தொடங்குங்க.

இன்னொண்ணு. உங்க ஷெட் 1260 கன அடி. கலெக்டர் 400 சிஎஃப்எம் ஓடினாலும் ஷெட் அளவு காத்து ஃபில்டர் வழியா ஒருதடவை போக மூணு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஆனா எல்லாக் காத்தும் வரிசையில நிக்காது, பழசும் புதுசும் கலந்துதான் போகும். அதனால அறுப்பு முடிஞ்சும் 15 நிமிஷம் ஓட விடுங்க, ஜன்னல்ல 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்து. சீலிங் ஃபேன் வேண்டாம், அடங்கினதைக் கிளப்பும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995லயே முதல் பிரிவுல, அதாவது மனுஷருக்குப் புற்றுநோய் தரும்னு உறுதியான வகையில வெச்சிருக்கு. மூக்கும் மூக்கை ஒட்டின அறைகளும்தான் முக்கியமா. அந்த 15 நிமிஷமும் முகமூடியைக் கழட்டாதீங்க. வேர்வையில நனைஞ்ச என்95 மூச்சு முட்டும், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் வேலைன்னா பாதி முகம் மூடுற ரப்பர் மாஸ்க்கும் பி100 ஃபில்டரும் மேல். தாடி இருந்தா ஓரத்துல கசியும்.

குழித்துறைக்காரன்

தாடி இருக்கு. பீடிங் இன்னைக்கே வாங்கிடறேன், மத்ததைப் பிறகு பார்க்கலாம்.