உறிஞ்சும் சிலிக்கனில் அலைப்பாங்குகளைக் கணித்தல்: எம்.பி.பி. கற்பனைப் பகுதியை ஏற்கவில்லை

கேள்வி (மாணவி, கிளிநொச்சி)
வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, ஒழுங்கான இடைவெளியில் துளையிட்ட சிலிக்கன் தகட்டின் மின்காந்த அலைப்பாங்குகளை, இருபரிமாண மாதிரியாக எம்.பி.பி. மென்பொருளில் கணித்து வருகிறேன். 532 நனோமீற்றர் பச்சை ஒளியில் முறிவுச் சுட்டியின் மெய்ப் பகுதியை 4.15 என்றும், உறிஞ்சலைக் குறிக்கும் கற்பனைப் பகுதியை 0.04 என்றும் எடுத்துள்ளேன். மெய்ப் பகுதியை மட்டும் கொடுத்தால் பட்டை வரைபடம், அதாவது அலையின் திசையையும் அலைநீளத்தையும் குறிக்கும் அலைக்காவியோடு மீடிறன் மாறும் விதம், ஒழுங்காக வருகிறது. உறிஞ்சலைச் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை. கட்டத்தை நுணுக்கமாக்கினால் சரிவருமா?

மறுமொழி (வவுனியா)
நுணுக்கமாக்கிப் பயனில்லை, தங்கச்சி. எம்.பி.பி. மக்ஸ்வெல் சமன்பாடுகளை ஹெர்மிற்றியன் (விடைகள் மெய்யெண்களாகவே வரும்) ஐகன் பெறுமானப் பிரச்சினையாக எழுதி, ஒரு சக்தி விகிதத்தை இழிவாக்கியே மீடிறனைக் காண்கிறது. மின்னுழைய மாறிலி (முறிவுச் சுட்டியின் வர்க்கம்) சிக்கலெண்ணானால் மீடிறனும் சிக்கலெண்ணாகிவிடும், சிக்கலெண்ணுக்கோ இழிவு என்று ஒன்று இல்லை. ஆனால் உங்கள் மாறிலியின் மெய்ப் பகுதி 17.2, கற்பனைப் பகுதி 0.33, பின்னது முன்னதில் ஏறத்தாழ 52இல் ஒரு பங்குதான் என்பதால், இழப்பில்லாத பாங்கை முதலில் கணித்து, உறிஞ்சலை அதன் மேல் ஒரு சிறு திருத்தமாகச் சேர்க்கலாம். மின்புலச் சக்தியில் சிலிக்கனுக்குள் அடங்கும் பங்கை எம்.பி.பி.யே தரும். 52ஐ அப்பங்கால் வகுத்தால் தரக் காரணி (பாங்கின் சக்தி நேரத்தோடு எவ்வளவு மெதுவாக நலிகிறது என்பதன் அளவு) கிடைக்கும், பங்கு 0.8 எனில் அது 65.

மாணவி
நன்றி ஐயா. ஒளியைத் தகட்டின் ஓர் ஓரத்தில் செலுத்தி, மறு ஓரத்தில் எவ்வளவு எஞ்சுகிறது என்று அளக்கப் போகிறோம். தரக் காரணி அதற்குப் போதுமா?

மறுமொழி (மாங்குளம்)
அப்படியானால் உங்களுக்கு வேண்டியது வேறு கணியம். தொடர்ச்சியாக எரியும் லேசரின் மீடிறன் மெய்யெண். ஒளி நேரத்தில் அல்லாமல் தூரத்தில் நலிவதால், அலைக்காவியே சிக்கலெண்ணாக வேண்டும். கோண மீடிறனைத் தரக் காரணியாலும் கூட்ட வேகத்தாலும் (பாங்கின் சக்தி நகரும் வேகம்) வகுத்தால் வலுவின் நலிவுக் குணகம் வரும். இது பட்டையின் நடுப்பகுதியில் நம்பத்தக்கது. பட்டை விளிம்பில் கூட்ட வேகம் பூச்சியத்தை அணுக, விடை பொருளற்றுப் பெருகும். உறிஞ்சும் பொருளில் விளிம்பே மழுங்கிவிடுவதால், இழப்பில்லாத பட்டையை அங்கே நம்பக்கூடாது. விளிம்புக்கு அருகே வேலை செய்வதானால், மீடிறனை நிலைநிறுத்தி அலைக்காவியைத் தீர்க்கும் இருபடி ஐகன் பிரச்சினைக்கு மாறுங்கள். சிலிக்கனின் மாறிலி மீடிறனோடு மாறுவதும் அப்போது இடைஞ்சல் தராது.

சரிபார்ப்பதற்கு, பட்டை நடுவில் ஓர் அலைக்காவியை எடுத்து மீப்பில் (புலங்களை நேரப் படிகளில் கணிக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். நீள அலகு 1 மைக்ரோமீற்றர் எனில், உறிஞ்சலைக் குறிக்கும் கடத்துதிறனை 0.23 எனக் கொடுக்கவேண்டும். புலத்தின் அலைவிலிருந்து மீடிறனையும் நலிவையும் பிரித்தெடுக்கும் ஹார்மின்வ் கருவி தரும் தரக் காரணி வவுனியா நண்பர் சொன்ன கணக்கோடு ஒத்துவந்தால், திருத்த முறையையே பட்டை நடுவில் தொடரலாம்.