அக்குள் நிணநீர்க் கணு அறுவையோடு சேர்த்தே, கை வீங்காமல் தடுக்கும் மைக்ரோ சர்ஜரி செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். கீமோ முடிந்தும் அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் மிச்சம் இருக்கிறது. அதனால் அந்தக் கணுக்களை மொத்தமாக எடுக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் அறுவை, அப்புறம் அதே பகுதிக்குக் கதிர்வீச்சு. இரண்டும் சேரும்போது கை நிரந்தரமாக வீங்கும் அபாயம் கூடுகிறது. அவர் இடது கைக்காரர், தையல்தான் தொழில்.

இத்தாலியின் ஜெனோவாவில் பொக்கார்தோ குழுவினர் 2009-இல் எழுதிய ‘லிம்ஃபா’ முறையைப் பற்றிப் படித்தேன். மேல்கையில் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றினால், கையிலிருந்து வரும் நிணநீர்க் குழாய்கள் அக்குளில் நீலமாகத் தெரியும். கணுக்களை எடுக்கும்போது அறுபடும் அந்தக் குழாய்களை, அதே அறுவையிலேயே, மைக்ரோஸ்கோப் வைத்துப் பக்கத்துச் சிரையோடு இணைத்துவிடுகிறார்கள். நிணநீர் கையில் தேங்காமல் நேரே இரத்தத்தில் சேர வழி கிடைக்கிறது. வீங்கிய பிறகு போராடுவதைவிட இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அறுவை மருத்துவரிடம் கேட்டோம். “வீங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார். பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்த்தோம். ஏற்கெனவே வீங்கிய கைக்குத்தான் இந்த இணைப்பைச் செய்கிறாராம். பிசியோதெரபிஸ்ட் மட்டும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை இரண்டு கைகளின் சுற்றளவையும் அளந்து குறித்துக் கொடுத்தார், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க. வேறு வழி தெரியவில்லை.

கணுக்களை எடுத்த அன்றே இந்த இணைப்பையும் செய்துகொண்டு, பிறகு கதிர்வீச்சும் எடுத்தவர்களுக்கு இப்போது கை எப்படி இருக்கிறது?