நாப்தலீன் நின்றொளிர்தல் தெரியவே இல்லை, எங்கே தவறு?

முதுகலை_வேதி:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக நாப்தலீனின் நின்றொளிர்தலை (பாஸ்பாரெசன்ஸ், அதாவது விளக்கை அணைத்த பிறகும் சற்று நேரம் ஒளிர்வது) கண்ணால் பார்க்க முயல்கிறேன். எத்தனாலில் கரைத்து, சாதாரணச் சோதனைக்குழாயில் ஊற்றி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்தேன். 365 நானோமீட்டர் யூவி டார்ச்சை அடித்து அணைத்தால் ஒரே இருட்டு. சில விநாடிகள் பச்சையாக ஒளிரும் என்றுதான் படித்தேன். மூன்று நாளாக இதே கதை.

மெழுகுவத்தி:
ஆக்சிஜனை வெளியேற்றினீர்களா? நின்றொளிர்தல் வருவது டிரிப்ளெட்டிலிருந்து, அதாவது இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்கும் நிலையிலிருந்து. ஆக்சிஜனின் அடிநிலையே (குறைந்த ஆற்றல் கொண்ட இயல்பு நிலையே) டிரிப்ளெட். நாப்தலீன் டிரிப்ளெட்டின் ஆற்றலை அது பிடுங்கிக்கொள்ளும்.

பழைய_லேப்:
திரவமாக இருந்தால் அது சரி. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் உறைந்தபின் ஆக்சிஜன் நகர்ந்து வந்து மோத வழியில்லை. எனக்கு டார்ச் மேல்தான் சந்தேகம். சுமார் 320 நானோமீட்டருக்கு மேல் நாப்தலீன் ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். 365 அப்படியே ஊடுருவிப் போய்விடும், அப்புறம் டிரிப்ளெட் எங்கிருந்து வரும்? 254 விளக்கு வாங்கினாலும் உங்கள் கண்ணாடிக் குழாய் தடுத்துவிடும், குவார்ட்ஸ் வேண்டும்.

அதன் விலை கையைக் கடிக்கும் என்றால் கொஞ்சம் பென்சோபீனோன் என்ற கரிமச் சேர்மத்தைச் சேருங்கள். அது 365-ஐ உறிஞ்சி, கிட்டத்தட்ட முழுவதும் டிரிப்ளெட்டுக்குப் போய்விடும். அந்த டிரிப்ளெட் மோலுக்குச் சுமார் 289 கிலோஜூல்; நாப்தலீனுடையது 254 அளவில். அதனால் ஆற்றல் இறங்கி நாப்தலீனுக்குக் கைமாறும். 1950-களில் லெனின்கிராடில் ஆய்வாளர்கள் டெரெனினும் எர்மொலாயெவும் இதே ஜோடியை வைத்துத்தான் இதைக் காட்டினார்கள். ஆனால் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒட்டி இருந்தால்தான் நடக்கும். நாப்தலீன் எவ்வளவு போட்டீர்கள்?

முதுகலை_வேதி:
லிட்டருக்கு 0.001 மோல். பாச்சை உருண்டையைப் பொடித்தது.

பழைய_லேப்:
பாச்சை உருண்டையா! சிலவற்றில் இருப்பது பாரா-டைகுளோரோபென்சீன். 65 டிகிரி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அது 53-லேயே உருகும், நாப்தலீன் 80 வரை தாங்கும். பிறகு 0.2 மோலாக ஏற்றுங்கள்.

முதுகலை_வேதி:
உருகவில்லை, நாப்தலீன்தான். 0.2 மோல், ஒரு சிட்டிகை பென்சோபீனோன். அணைத்ததும் பச்சை ஒளி! நாலைந்து விநாடி நின்றது. பென்சோபீனோன் மட்டும் போட்ட குழாயில் நீலம், அணைத்ததுமே போய்விட்டது. அது ஏன் சார்? கட்டியில் விரிசலும் விழுகிறது.

பழைய_லேப்:
பென்சோபீனோன் டிரிப்ளெட்டின் ஆயுள் சில மில்லிவிநாடிதான், கண்ணுக்குப் பிடிபடாது. நாப்தலீனுக்கு இரண்டு விநாடிக்கு மேல். கட்டியில் விரிசல் இருந்தால் பரவாயில்லை. குழாயே விரிசல் விட்டால்தான் ஆபத்து: உள்ளே புகுந்த நைட்ரஜன் வெளியே எடுத்ததும் கொதித்துக் குழாயை வெடிக்க வைக்கும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு எடுங்கள்.