சேர்ந்திசைக் குழுவின் புதிய பருவமும் எங்கள் பிள்ளைகளும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

பல கருவிகள் சேர்ந்து மேலைத்தேய இசை வாசிக்கும் எங்கள் சேர்ந்திசைக் குழுவில் (ஓர்கெஸ்ட்ரா) புதிய பருவத்துக்கான ஒத்திகைகள் தொடங்கிவிட்டன. இளையோர் பிரிவில் வாசித்துக்கொண்டிருந்த என் மகள் இம்முறை பெரியவர்களின் குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுடைய வயலா வாசிப்போர் வரிசையின் கடைசி இருக்கையில் அமர்த்தப்பட்டிருக்கிறாள். பிள்ளைகளை மேலைத்தேய இசைக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலர் எங்களிடையே இருப்பதால், அங்கு நான் கண்டதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். உங்கள் அனுபவங்களையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

கொழும்பில் இந்த இசைக்கு நீண்ட மரபு உண்டு. இலங்கை சிம்பனி இசைக்குழு 1958ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. அவ்வரங்கு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவர் புகைப்படக் கலைஞர் மட்டுமல்லர், தேர்ந்த பியானோ கலைஞரும் ஆவார். ஆனாலும் எங்கள் வீடுகளில் மேலைத்தேய இசை என்றவுடன் நினைவுக்கு வருவது பரீட்சைதான். ஆண்டுக்கு மூன்று உருப்படிகள், அவற்றுடன் சுரவரிசைகள், பார்த்தவுடன் வாசித்தல், செவிப்பயிற்சி என்று தரம் 1 முதல் தரம் 8 வரை ஏறிச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிய பிள்ளைகளுள் எத்தனையோ பேர், இன்னொருவருடன் சேர்ந்து ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. என் மகளும் நெடுநாள் அப்படியே இருந்தாள்.

முதல் ஒத்திகையைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓபோ என்னும் ஊதுகருவியை வாசிப்பவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, மண்டபம் முழுவதும் அதற்குச் சுருதி சேர்த்தது. பத்து நிமிடங்கள் சென்றிருக்கும், இசை நடத்துநர் அனைவரையும் நிறுத்திவிட்டு வயலாக்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். மெட்டு என்று சொல்ல அதில் எதுவுமில்லை. ஒரே இரண்டு சுரங்கள் மாறி மாறி, அதுவும் தாளத்தின் எதிர்த்தட்டில் விழுந்துகொண்டிருந்தன. மகளின் முகம் சுருங்கியதைக் கண்டேன். அவர் அந்தப் பகுதியை மறுபடியும் வாசிக்கச் செய்து, வில்லின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துமாறு சொல்லி, பின்பு அவற்றைவிடத் தாழ்ந்த குரலுடைய செல்லோக்களைச் சேர்த்து, கடைசியாக முதல் வயலின்களை மேலே வர விட்டார். மெட்டு ஒலித்தபோதுதான் அந்த இரண்டு சுரங்கள் இல்லாமல் அது நிற்காது என்பது விளங்கியது. உடனே அவர் வயலாக்களைக் கையமர்த்திவிட்டு மற்றவர்களை மட்டும் வாசிக்க வைத்தார். அதே மெட்டு உயிரற்றுக் கிடந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பெற்ற தனி வகுப்புகளில் அவளுக்கு இது கிடைக்கவில்லை. அவ்வகுப்புகளில் குறை காணவில்லை. அங்கே இதைக் காட்ட வழியே இல்லை.

ஆகையால்தான் சொல்கிறேன்: பிள்ளை தரம் 8 முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சுரக்குறிப்பைத் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கியவுடனே இளையோர் குழு ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் வயலின் வாசிக்கும் வைத்தியர் ஒருவர்

அக்கா எழுதியதை மறுபக்கத்திலிருந்து நானும் கண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் தந்திக் கருவிக்காரர்கள் இருவர் இருவராக ஒரே ஸ்டாண்டில் சுரக்குறிப்புத் தாளை வைத்து வாசிக்கிறோம். புதிதாக வரும் பிள்ளையை அனுபவமுள்ள ஒருவருடன் அமர்த்துவது வழக்கம். உள்பக்கத்தில் இருப்பவரே தாளைப் புரட்ட வேண்டும் என்பதால், அதற்காக வாசிப்பை எந்த இடத்தில் விட்டு எந்த இடத்தில் மீண்டும் பிடிப்பது என்பதைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பாடம் பென்சில். வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதை முதல் வயலின் தலைவர் மாற்றினால், அந்த மாற்றம் வரிசை வரிசையாகப் பின்னே வந்து சேரும். அதைத் தாளில் குறிக்காத பிள்ளையின் வில் மட்டும் எல்லோருக்கும் எதிர்த்திசையில் போவது சபையின் கடைசி வரிசைக்கும் தெரியும்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த கொட்டாஞ்சேனைச் சிறுவனுக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கலாம். ஒத்திகை ஆங்கிலத்தில் நடக்கும். இத்தாலியச் சொற்கள் தாளிலேயே இருக்கும். இடைவேளையில் சிங்களமே கூடுதலாகக் கேட்கும். அவனோ என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "அங்கிள், எங்க நிக்கிறம்?" என்று தமிழில் கேட்பான். நான் வில்லின் நுனியால் இடத்தைக் காட்டுவேன். சில மாதங்களில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பிறகு ஒருநாள், நெடிய ஓய்வு ஒன்றின் முடிவில் நான் வில்லைத் தூக்கத் தாமதித்தபோது, அவன் மூச்சை இழுத்த விதத்திலேயே தொடங்கும் இடம் எனக்குத் தெரிந்தது. மருத்துவத்தில் இளையவர்களுக்குக் கற்பிப்பது என் தொழில். ஆயினும் அந்த மூச்சு எனக்குத் தந்த நிறைவைத் தொழிலில் நான் அரிதாகவே பெற்றிருக்கிறேன்.

2022ஆம் ஆண்டையும் சொல்லத்தான் வேண்டும். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. பெற்றோலுக்கு முடிவில்லாத வரிசை. ரூபாய் சரிந்ததில் இறக்குமதியாகும் தந்திகளின் விலை பெற்றோரால் தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டு வாசித்தோம். ஒரே பாதையில் வருபவர்கள் ஒரே காரில் வந்தார்கள். செல்லோ ஒன்று ஏறினால் ஓர் ஆளுக்கு இடமிராது. பெரியவர்கள் தங்கள் பழைய தந்திகளைக் கழற்றி உறையில் இட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டிலும் பிள்ளைகளின் வகுப்புகளை நிறுத்துவதில்லை என்று எடுத்த முடிவு சரியானது என்பதற்கு இன்று முன்வரிசைகளில் இருப்பவர்களே சாட்சி.

ஒரு கர்நாடக வயலின் ஆசிரியை

நான் மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் பயின்றவள், கொழும்பில் கற்பிக்கிறேன். என் மாணவி ஒருத்தி சேர்ந்திசைக் குழுவுக்கும் போக விரும்புவதாக அவள் தாயார் சொன்னபோது எனக்குத் தயக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பவர்கள். இடது கை தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டிருப்பதால்தான் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் தடையின்றி ஓடுகிறது. அங்கே கருவி தாடைக்கும் தோளுக்கும் இடையில் நிற்கிறது. எங்கள் தந்திகள் சட்ஜமும் பஞ்சமமுமாக, பாடுபவரின் சுருதிக்கேற்ப நிற்பவை. அவர்களுடையவை நான்கும் ஐந்தாம் சுர இடைவெளியில், மாறாத சுருதியில் நிற்பவை. இரண்டையும் ஒரே பிள்ளை பழகினால் இரண்டும் கெட்டுவிடுமோ என்று அஞ்சினேன்.

எனினும், வயலின் எங்களிடம் வந்த வழியை எண்ணிப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு அதிக இடமில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய ஆசிரியரிடம் அதைப் பயின்றுதான் நமது இசைக்குக் கொண்டு வந்தார். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. இலங்கைப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த செல்லோ மேதை ரொஹான் டி சேரம் கண்டிய மேளமும் கற்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோ 2002இல் அவருக்காகவே இயற்றிய தனிச் செல்லோ உருப்படியில் அந்த மேளத்தின் தாளக்கட்டுகள் இடம்பெற்றிருக்கின்றன, செல்லோவின் உடலைக் கையால் தட்டியும் வாசிக்கிறார்கள்.

என் மாணவியிடம் நான் கண்ட மாற்றத்தைச் சொல்கிறேன். அவள் எப்போதும் சற்று முந்தி ஓடுபவள். பல்லவியை முடிப்பதற்குள் அனுபல்லவிக்கு அவசரப்படுவாள். குழுவில் ஒரு பருவம் வாசித்த பிறகு என் வகுப்பில் மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். அதைப் பல முறை வாயால் சொல்லியும் என்னால் ஊட்ட முடியவில்லை. இழப்பும் உண்டு: தோடி ராகத்தின் காந்தார சுரம் சில வாரங்கள் விறைப்பாக, ஓரிடத்தில் நின்றுவிட்டது, அதை மீண்டும் அசைய வைக்க நிறையப் பாட வைக்க வேண்டியிருந்தது. இரண்டையும் பயிலும் பிள்ளைக்கு இரண்டு வயலின்கள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றையே ஒவ்வொரு வாரமும் ஏற்றி இறக்கினால் தந்தியும் தாங்காது, தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் கட்டையும் சாயும், பிள்ளையின் காதும் குழம்பும்.

தாளக் கருவி வாசிக்கும் மகனின் தந்தை

கடந்த பருவத்தின் நிறைவுக் கச்சேரியில் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பனியை வாசித்தார்கள். 1893இல் நியூயோர்க்கில் முதன்முதலாக அரங்கேறியது அது. என் மகனுக்குக் கிடைத்தவை மூன்றாம் பகுதியில் முக்கோணம் என்னும் உலோகத் தாளக் கருவியும், நான்காம் பகுதியில் கைத்தாளமும். அந்தக் கைத்தாளம் சிம்பனி முழுவதிலும் ஒலிப்பது ஒரே ஒரு முறை. அதுவும் ஓங்கி அறைவதில்லை, தகடுகள் உரசிச் சிலிர்க்க வேண்டும். இதற்காகவா ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். நான் கேட்கவில்லை, ஆனால் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

எங்கள் நாட்டில் டியூபா, டிரம்போன் போன்ற பித்தளை ஊதுகருவிகளைப் பயின்றவர்கள் பெரும்பாலும் படைகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களிலிருந்தே வருகிறார்கள். மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த டியூபாக்காரரும் அப்படி வந்தவர்தான். வடக்கில் வளர்ந்த நான் சீருடையைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கிப் பழகியவன். அவர் அன்று சீருடையில் இல்லாவிட்டாலும், யாரென்று அறிந்ததும் என் உடம்பு தானாக இறுகியது. அந்தச் சிம்பனியில் டியூபாவுக்கும் இரண்டாம் பகுதியில் சில சுரங்கள் தவிர வேறு வேலையில்லை. காத்திருப்பதில் தேர்ந்த அம்மனிதர், ஓய்வுகளை எண்ணும் முறையை என் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார்: ஒவ்வொரு தாள அளவுக்கும் (bar) ஒரு விரலை முழங்காலில் அழுத்துவது, எட்டு ஆனதும் மறுகைக்கு மாறுவது, ஹோர்ன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் நுழைவதைக் கேட்டுக் கணக்கைச் சரிபார்ப்பது. தமிழ் தெரியாத அவரும் சிங்களம் அதிகம் தெரியாத அவனும் முழங்காலில் விரல் அழுத்தி எண்ணிக்கொண்டிருந்ததை நான் ஒத்திகைதோறும் பார்த்தேன். கச்சேரி முடிந்ததும் அவரிடம் போய் நன்றி சொன்னேன். "நல்ல பிள்ளை, எண்ணத் தெரிந்தவன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டியூபாவைப் பெட்டியில் வைத்தார். என் மனதில் நெடுங்காலமாக இருந்தவை அனைத்தும் அதனால் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு என்பதை மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

உங்கள் பதிவுகளை வாசிக்க மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன. இங்கே கர்நாடக இசைக்கு ஆசிரியர்களும் பரீட்சைகளும் சபைகளும் உண்டு. தேவாலயப் பாடற்குழுக்களும் பாடசாலை பாண்டுகளும் உண்டு. செல்லோவுக்கும் ஓபோவுக்கும் பிள்ளையை எங்கே அனுப்புவது? கொழும்பிலிருந்து சில கலைஞர்கள் ஒரு வார இறுதியில் வந்து பாடசாலை மண்டபமொன்றில் பயிற்சி நடத்தினார்கள். ஒரு சொற்றொடரை வாசிக்கத் தெரியாமல் நின்ற பிள்ளைகளிடம் பாடிக்காட்டச் சொன்னபோது எல்லோரும் சுருதி பிசகாமல் பாடிவிட்டார்கள், வந்தவர்கள் வியந்துபோனார்கள். செவி இங்கே இருக்கிறது. கருவியும் கிழமைதோறும் வரும் ஆசிரியரும்தான் இல்லை. புதிய பருவத்தின் கச்சேரிகளுள் ஒன்றையாவது, அதைவிட முக்கியமாகப் பயிற்சிகளைத் தொடர்ச்சியாக, வடக்கிலும் கிழக்கிலும் நடத்த வேண்டும் என்று உங்கள் குழுவிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். ஒருமுறை வந்து போவதால் ஆசை மட்டுமே மிஞ்சுகிறது.

வெள்ளவத்தைத் தாய், மீண்டும்

யாழ்ப்பாணத்து உறவின் வேண்டுகோளை ஒத்திகை ஒழுங்கு செய்பவர்களிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். சிறுவர் கச்சேரியில் ரஷ்ய இசையமைப்பாளர் புரொக்கோஃபியெவ் 1936இல் இயற்றிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதை இடம்பெறுகிறது. அதன் கதைசொல்லலைத் தமிழிலும் செய்ய இணங்கியிருக்கிறார்கள். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹோர்ன்கள் என்று ஒவ்வொரு கருவியும் தன் குரலில் அறிமுகமாவதால், ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்க் கதைசொல்லலோடு அது வடக்குக்கும் போக முடியுமா என்பதையும் கேட்டிருக்கிறேன்.

இளையோர் தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்து வருபவர்களுக்குச் சில விடயங்கள். ஒரு சுரவரிசை, விரும்பிய ஓர் உருப்படி, பார்த்தவுடன் வாசிக்கச் சில வரிகள், இவ்வளவே கேட்கிறார்கள். கடினமான உருப்படியைத் தடுமாறி வாசிப்பதைவிட எளியதைச் சீரான தாளத்தில் வாசிப்பதையே விரும்புகிறார்கள். வளரட்டும் என்று பெரிய அளவு வயலின் வாங்கிக் கொடுக்காதீர்கள். முக்கால் அளவு பொருந்தும் கைக்கு முழு அளவைக் கொடுத்தால் மணிக்கட்டு வளைந்து, பின்பு நேராக்குவது பெரும்பாடாகிவிடும். கொழும்பின் ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் பலகைகளின் ஒட்டு விடுவதுண்டு என்பதால் கருவியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். வயலின் வரிசைகளில் இடம் அனேகமாக நிரம்பிவிட்டது. வயலாவுக்கும், மிகத் தாழ்ந்த குரலுடைய பெரிய தந்திக் கருவியான டபிள் பாஸுக்கும் ஆள் தேவை. வயலினிலிருந்து மாற விரும்பும் பிள்ளைக்குக் குழுவின் வயலா ஒன்றை இரவலாகத் தருகிறார்கள். பருவம் முடியும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை தந்திகளைப் பெற்றோரே வாங்க வேண்டும்.