பெரியம்மாவுக்கு வந்த பச்சைக் காபி மாத்திரை

குழு: நம் வீட்டார்

காலை 7.05
சரோஜா பெரியம்மா: (படம்) கார்த்திக் அனுப்பிய மாத்திரை டப்பா வந்துவிட்டது. பச்சைக் காபிக்கொட்டைச் சாறு, குளோரோஜெனிக் அமிலம் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எடை குறையுமாம், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வருமாம். நித்யா, இதைச் சாப்பாட்டுக்கு முன்பு போட வேண்டுமா, பின்பா?

காலை 7.11
ரகு மாமா: அக்கா, யோசிக்காமல் தொடங்குங்கள். என் நண்பர் இதைச் சாப்பிட்டுப் பாதி ஆளாகிவிட்டார். காபிக்கொட்டையில் இருந்து எடுப்பதுதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

காலை 7.20
நித்யா: பெரியம்மா, தயவு செய்து இன்று டப்பாவைத் திறக்காதீர்கள். மருந்தகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், மதியம் விரிவாக எழுதுகிறேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

காலை 7.24
கார்த்திக்: நித்யா, நான் பார்க்காமல் வாங்கவில்லை. ஆய்வு செய்து நிரூபித்தது என்று விற்பனைப் பக்கத்திலேயே இருந்தது. சராசரியாக 8 கிலோ குறைந்ததாம்.

காலை 7.25
நித்யா: 16 பேர், 22 வாரம், அந்த ஆய்வா அண்ணா?

காலை 7.25
கார்த்திக்: அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?

மதியம் 1.40
நித்யா: இப்போதுதான் கை ஒழிந்தது. அண்ணா, அந்த ஆய்வுக் கட்டுரை 2012 ஜனவரியில் வெளிவந்தது. சோதனை நடந்தது பெங்களூரில். பணம் கொடுத்தது அமெரிக்காவின் அப்ளைடு ஃபுட் சயன்ஸஸ், பச்சைக் காபிச் சாற்றை விற்கும் நிறுவனமே. அதே ஆண்டு தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெத் ஓஸ் தன் நிகழ்ச்சியில் இந்தச் சாற்றைப் புகழ்ந்தார். அதன் பிறகு விற்பனை எங்கேயோ போய்விட்டது.

மதியம் 1.44
நித்யா: 2014 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. சோதனையை நடத்தியவர் பங்கேற்றவர்களின் எடையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார், யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதையே தவறாகக் காட்டினார் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த மாதமே அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றுவிட்ட ஆய்வைக் காட்டி இன்னும் விற்கிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவர் அதை நம்பி டப்பாவைத் திறக்கிறாரே!

மதியம் 1.47
ரகு மாமா: அரசாங்க அனுமதி இல்லாமலா விற்பார்கள்?

மதியம் 1.50
நித்யா: மாமா, மருந்துக்கு வேறு விதி, இந்த மாத்திரை போன்ற துணை உணவுக்கு வேறு விதி. இந்தச் சாறு பெயர் பெற்ற அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1994இல் வந்த சட்டப்படி, ஒரு துணை உணவு பலன் தரும் என்று விற்பனைக்கு முன்பே அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை.

மதியம் 1.52
வசந்தி சித்தி: அப்படியானால் இந்தக் குளோரோஜெனிக் அமிலமே கட்டுக்கதையா நித்யா?

மதியம் 2.01
நித்யா: இல்லை சித்தி. பொருள் உண்மையானது. ஆப்பிளையோ கத்தரிக்காயையோ நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் பழுப்பேறுகிறது அல்லவா? காயில் உள்ள நொதி, காற்றோடு சேர்ந்து பெரும்பாலும் இந்த அமிலத்தின் மீதுதான் வேலை செய்கிறது. உருளைக்கிழங்கிலும் சூரியகாந்தி விதையிலும்கூட இது உண்டு. பச்சைக் காபிக்கொட்டையில் மிக அதிகம். வறுக்க வறுக்க அழிந்துகொண்டே வரும். அதனால்தான் வறுக்காத கொட்டையில் இருந்து சாறு எடுக்கிறார்கள்.

மதியம் 2.04
நித்யா: உடலுக்குள் போன பிறகு நடப்பதையும் அளந்திருக்கிறார்கள். சிறுகுடலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சப்படுகிறது. மீதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிதைகிறது. ஆகவே டப்பாவில் போட்டிருக்கும் மில்லிகிராம் முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை.

மதியம் 2.09
ரகு மாமா: காபி குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்று நானே படித்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறாய்?

மதியம் 2.16
நித்யா: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் மாமா. காஃபீன் நீக்கிய காபியிலும் அப்படியே தெரிவதால்தான் இந்த அமிலத்தின் மீது கவனம் திரும்பியது. ஆனால் அவை, காபி குடிப்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியவை. காபிதான் காரணம் என்று அவற்றை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இந்த அமிலத்தையே நேரடியாகக் கொடுத்தும் பார்த்தார்கள். 2009இல் வெளியான ஒரு சோதனையில், எடை கூடிய 15 ஆண்களுக்கு 1 கிராம் கொடுத்துவிட்டுச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்தார்கள். 15ஆவது நிமிடத்தில் சர்க்கரை சற்றுக் குறைவாக இருந்தது. மொத்த நேரத்தையும் கணக்கிட்டபோது வித்தியாசம் இல்லை.

மதியம் 2.18
கார்த்திக்: எடைக்கு வேறு ஆய்வே இல்லையா?

மதியம் 2.23
நித்யா: உண்டு அண்ணா. 2011இல் மூன்று சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வெற்று மாத்திரையை விடச் சுமார் இரண்டரைக் கிலோ கூடுதலாகக் குறைந்ததாக வந்தது. ஆனால் எல்லாமே சிறிய, தரம் குறைந்த சோதனைகள், இதை நம்பி முடிவு சொல்ல முடியாது என்று கணக்கிட்டவர்களே எழுதிவிட்டார்கள். பிரஷர் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது, சில புள்ளிகள் இறங்கியிருக்கின்றன. அந்தச் சில புள்ளிகள்தான் பெரியம்மாவை நினைத்து என்னைக் கவலைப்பட வைக்கின்றன. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் இன்னொன்று சேர்ந்தால், தலைசுற்றல் வரும்போது எதனால் என்று யாருக்குத் தெரியும்?

மதியம் 2.40
சரோஜா பெரியம்மா: (படம்) நீ கேட்ட பின்பக்கம்.

மதியம் 2.52
நித்யா: நன்றி பெரியம்மா. ஒரு கேப்சூலில் 400 மில்லிகிராம் சாறு. அதில் 50 சதவீதம், அதாவது 200 மில்லிகிராம்தான் இந்த அமிலம். ஒரு கோப்பைக் காபியில் கொட்டையையும் வறுவலையும் பொறுத்து 70 முதல் 350 மில்லிகிராம் வரை இருக்கும். 50 சதவீதம் என்பது சாறு எவ்வளவு செறிவானது என்பதற்கான எண், பலன் எத்தனை சதவீதம் என்று அர்த்தம் இல்லை. இன்னொன்று, இதில் காஃபீன் எவ்வளவு என்று எங்குமே போடவில்லை. நீக்கியது என்றும் இல்லை.

மதியம் 2.55
சரோஜா பெரியம்மா: நான் தினமும் குடிக்கும் காபியிலேயே இது இருக்கிறதா! கார்த்திக், அம்மாமீது உள்ள அக்கறையில்தான் வாங்கினாய், தெரியும். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். டப்பாவை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுகிறேன். அவர் சொல்லாமல் திறக்க மாட்டேன்.

மதியம் 2.57
கார்த்திக்: சரி அம்மா. திருப்பி அனுப்ப அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது.

மதியம் 2.58
வசந்தி சித்தி: எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது சேருமா?

மதியம் 3.03
நித்யா: காபியும் இந்த வகைச் சாறுகளும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் சித்தி. ஒரு பழைய சோதனையில், உணவோடு ஒரு கோப்பைக் காபி குடித்ததற்கே 39 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு இந்தக் கேப்சூல் வேண்டவே வேண்டாம். காபியையும் மாத்திரை போடும் நேரத்தில் இருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை 5.30
ரகு மாமா: நித்யா, நீ காஃபீன் என்று சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நண்பருக்கு ஒரு மாதமாக இரவில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். வயது என்று விட்டுவிட்டோம். அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, காலையில் ஒரு மணி நேரம் நடக்கவும் செய்கிறார், அதையும் சொல்ல வேண்டும். அவருடைய டப்பா வேறு நிறுவனத்துடையது. இதோ. (படம்)

மாலை 5.38
நித்யா: மாமா, எடை இறங்கியதற்கு அந்த நடையும் குறைத்த சாப்பாடுமே போதுமான காரணம். இந்த டப்பாவில் ஒரு கேப்சூலுக்குக் காஃபீன் 100 மில்லிகிராம், நாளைக்கு மூன்று என்று இருக்கிறது. அதுவே 300. அவர் காபியும் குடிப்பாரா?

மாலை 5.39
ரகு மாமா: காலையும் மாலையும் பெரிய டம்ளரில்.

மாலை 5.42
நித்யா: ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 வரைதான் என்பது பொதுவான அளவு. அவர் அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இன்று இரவுக் கேப்சூலைப் போட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். ஆனால் படபடப்புக்கு இதுதான் காரணம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, நாளைக்கே டாக்டரைப் பார்க்கட்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போக வேண்டும்.

மாலை 5.43
ரகு மாமா: பேசிவிட்டு வருகிறேன்.

மாலை 6.10
ரகு மாமா: பேசினேன். வலி, மயக்கம் எதுவும் இல்லை. காலை 9 மணிக்கு நானே அழைத்துப் போகிறேன், டப்பாவும் கையில் இருக்கும்.