ஹாரோவில் வீட்டுக்குக் கை வைப்பதற்கு முன்

லண்டனின் ஹாரோ பக்கம் குடிவந்திருக்கிறோம், வீட்டில் என்னென்ன மாற்றலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் முன்வாசல் கதை. ஹாரோவில் உள்ள ரேய்னர்ஸ் லேனில் 1930களில் கட்டிய, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் ஒட்டு வீடுகளில் ஒன்றை வாங்கினோம். முன்னால் வேலிச்செடி, கொஞ்சம் புல், ஒரு ரோஜா. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பில்டரிடம் கேட்டோம். "இதுக்கெல்லாம் பெர்மிஷன் வேண்டாம் அண்ணா" என்றார். இரண்டே நாளில் எல்லாம் சிமெண்ட். அடுத்து வந்த பெருமழையில் அத்தனை தண்ணீரும் வழிந்தோடி, எங்களைவிடத் தாழ்வாக இருக்கும் பக்கத்து வீட்டு வாசலில் தேங்கி நின்றது. எண்பதைக் கடந்த அந்த வீட்டு அம்மா வாளியும் விளக்குமாறுமாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு முகம் கொடுக்கவே முடியவில்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், வீட்டின் முன்பக்கம் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு, மழைநீரை நம் மண்ணுக்குள்ளேயே இறங்கவும் விடவில்லை என்றால் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) பிளானிங் அனுமதி, அதாவது கட்டுமான அனுமதி, வாங்க வேண்டும். போட்டதை உடைத்து, நீர் உறிஞ்சும் கல் பதித்தோம். நடைபாதை விளிம்பைத் தாழ்த்திக் காரை உள்ளே ஏற்றுவதற்கும் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் அந்த அம்மா தேநீருக்கு அழைத்தார். அவர் பிறந்தது அந்த வீட்டில்தான். அப்பா புது வீடாக வாங்கியதாம். ரேய்னர்ஸ் லேனில் ரயில் நிற்கத் தொடங்கியது 1906இல். அப்போது சுற்றிலும் வயல்தான். மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1915 முதல் இந்தப் பக்கத்தை 'மெட்ரோலேண்ட்' என்று விளம்பரப்படுத்தியது: நகரத்தில் வேலை, ரயிலேறி வந்தால் தோட்டத்தோடு சொந்த வீடு. 1929இல் ஹாரோ கார்டன் வில்லேஜ் எழத் தொடங்கியது. யானைத் தும்பிக்கை போல முகப்பு வளைந்த பழைய சினிமா கொட்டகை ஒன்றை ஸ்டேஷன் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். 1936இல் திறந்தது, இன்று பார்சிகள் பின்பற்றும் ஜொராஸ்டிரிய சமயத்தின் வழிபாட்டு மையம். இதையெல்லாம் கேட்டபின் முன்தோட்டத்தை வெறும் கார் நிறுத்தும் இடமாக என்னால் பார்க்க முடியவில்லை. இந்தத் தெருக்களே அந்தத் தோட்டங்களை வைத்துத்தான் விற்கப்பட்டன.

சரி, எக்ஸ்டென்ஷன், அதாவது வீட்டை நீட்டிக் கட்டுவது. ஒட்டு வீட்டின் பின்பக்கம் தரைத்தளம் மட்டும் 3 மீட்டர் வரை, தனி வீட்டில் 4 மீட்டர் வரை, பொதுவாக முழு அனுமதி இல்லாமலே கட்டலாம். உயரத்துக்கும் மற்றதற்கும் நிபந்தனைகள் உண்டு. அதற்கு மேல், ஒட்டு வீட்டில் 6 மீட்டர், தனி வீட்டில் 8 மீட்டர் வரை போக வேண்டுமென்றால், கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர்கள் அக்கம்பக்கத்தாரைக் கேட்டு முடிவு சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஹாரோ மலை போன்ற பழைய பகுதிகளில் விதிகள் இன்னும் இறுக்கம். பொதுச்சுவரில் கை வைத்தால் பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது பிளானிங்கோடு சேராத தனிச் சட்டம், 1996இல் வந்தது. கடிதத்தை மட்டும் போடாமல் நேரில் போய்க் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருந்தால் நின்று படியுங்கள். தெருவில் யாரோ கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். உங்கள் கருத்தையும் எழுதலாம். நம் ஆட்கள் பலர் அந்த உரிமை இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். வெளிச்சம் மறையும், ஜன்னல் நம் அறையை நேராகப் பார்க்கும், வண்டி நெரிசல் கூடும் என்பதெல்லாம் எடுபடும். வீட்டு விலை குறையும் என்று எழுதினால் எடுபடாது. எழுதியது பொதுப்பார்வைக்கு வரும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரி) விஷயம் சுருக்கமாக: வந்த வாரமே பதிந்துவிடுங்கள். வீட்டில் 18 வயது நிறைந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். வருடத்துக்கு வழக்கமாக 10 மாதத் தவணை. கேட்டால் 12 ஆக்குவார்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இருக்கும், 18 வயது நிறைந்த நீங்கள் வாக்காளராகப் பதிந்து கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தெருவில் குப்பை, விளக்கு, பள்ளம் என்று சொல்லிச் சொல்லி நடக்கவில்லையென்றால் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள், மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போங்கள். நான் போயிருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று. வீடு பார்க்கும்போது பின்னால் எக்ஸ்டென்ஷனோ கூரைக்கடியில் லாஃப்ட் அறையோ இருந்தால், அதற்கான காகிதங்களை வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். 2024 ஏப்ரல் 25 முதல் அனுமதியில்லாமல் முடித்த கட்டுமானத்தின் மீது கவுன்சில் 10 வருடம் வரை நடவடிக்கை எடுக்கலாம். முன்பு 4 வருடமாக இருந்தது. கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார், இடிக்கச் சொல்லும் கடிதம் உங்கள் பெயருக்கு வரும்.