புதுப்பிப்பு: மிச்சிகன் தோல்விக்கு அப்புறம் டென்னசி
2024 நவம்பர் 30 அன்று, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நம் ஒஹாயோ ஸ்டேட் அணி 13-10 என்று மிச்சிகனிடம் தோற்ற இரவில் எழுதிய திரியின் தொடர்ச்சி இது. சீசன் முடிந்ததா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியவில்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் 4 அணிகள் என்றிருந்தது 2024இல் 12 ஆகிவிட்டது; எட்டாம் இடத்தில் உள்ளே வந்துவிட்டோம். டிசம்பர் 21 இரவு, கொலம்பஸில் நம் மைதானத்திலேயே டென்னசியுடன் ஆட்டம்.

தொடர்ந்து நான்காவது முறையாக மிச்சிகனிடம் தோற்றது இன்னும் வலிக்கிறது. ஜெரமையா ஸ்மித் மாதிரி ஒரு ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவர்) வைத்துக்கொண்டு, மிச்சிகனுடைய பலமே தடுப்பு வரிசையின் நடுப்பகுதி என்று தெரிந்தும், திரும்பத் திரும்பப் பந்தோடு ஓடி அங்கேயே போய் மோதினோம். டென்னசியின் டிஃபென்ஸும் லேசுப்பட்டதல்ல. பந்து நம் கைக்கு வரும் முதல் டிரைவிலிருந்தே, பந்தை வீசும் நம் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் ஸ்மித்துக்கு வீசட்டும்.

சரி, மைதானத்துக்குப் போகிறவர்கள் குளிருக்குத் தயாராகப் போங்கள். டிக்கெட்டை ஆரஞ்சு சட்டை போட்ட டென்னசி ரசிகர்களுக்கு விற்றுவிடாதீர்கள்!